வரியை ஏற்றச் சொன்ன பம்புக்காரர்

வீட்டு வரியை ஏற்றப் போகிறோம் என்று நகராட்சி சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள். பம்புக்காரர் தட்டினார். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை ஒரு கும்பல் அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தபோது, நடுவிலிருந்து இரண்டே தட்டு. கொசு அடிக்கிற சத்தம்தான். ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது: இந்த ஆளுக்கு இதில் ஏதோ வரும்படி இருக்கிறது.

சந்தேகப்பட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தால் அதை உறிஞ்சி வெளியே தள்ளுவது பம்புக்காரரின் தொழில். டீசல் பம்பு ஒன்று, தள்ளுவண்டி ஒன்று, யானைத் தும்பிக்கை மாதிரி நீளமாக ஒரு குழாய். இவ்வளவுதான் முதலீடு. வானம் கறுத்தால் மற்றவர்கள் முகம் கறுக்கும், இவருக்கு மட்டும் போன் அடிக்கும். நகராட்சியோ, ஏற்றுகிற வரியைப் பருவநிலை வேலைகளுக்குச் செலவழிக்கப் போவதாக எழுதியிருந்தது. மழைநீர் வடிகால் வெட்டுவார்களாம், தூர்ந்துபோன குளத்தைத் தோண்டுவார்களாம், தெருவில் மரம் வைப்பார்களாம், மொட்டைமாடிகளுக்கு வெயில் தாங்க வெள்ளைப் பூச்சு அடிப்பார்களாம். வடிகால் வந்துவிட்டால் பம்புக்கு என்ன வேலை? தன் சோற்றில் மண்ணைப் போடச் சொல்லி எவனாவது கைதட்டுவானா?

ரொட்டிக்கடைக்காரர் நேராகவே கேட்டுவிட்டார். "பம்பு அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. வடிகால் கான்ட்ராக்ட் உங்களுக்கா?"

"எனக்கு எவன்யா கான்ட்ராக்ட் குடுப்பான்?"

"அப்ப எதுக்குத் தட்டுனீங்க?"

"கொசு," என்றார் பம்புக்காரர்.

உண்மையான காரணத்தை வெளியே சொல்ல முடியாது. அது கட்டில் சம்பந்தப்பட்டது.

சந்தின் ஆகப் பள்ளமான வீடு பம்புக்காரருடையது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் கட்டில் காலுக்கு அடியில் ஒரு செங்கல் ஏறும். ஏறின செங்கல் இறங்கியதில்லை. இப்போது கட்டிலில் ஏற நாற்காலி வேண்டும், இறங்கத் துணிச்சல் வேண்டும். மல்லாந்து படுத்தால் மின்விசிறி மூக்கை வழித்துக்கொண்டு போகும். புருஷனும் பெண்டாட்டியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டுதான் புரண்டு படுக்க முடியும். இவர் பாட்டுக்குத் தூக்கத்தில் புரண்டு ஒருதடவை கீழே விழுந்தார். அன்று தரையில் தண்ணீர் இருந்ததால் அடிபடவில்லை.

மனைவி தையல்காரம்மா. அவருடைய மெஷினும் மேஜைக்கு மேல் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தது. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் கழுத்தை வளைத்து மேலே பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால் தையல்காரம்மா அந்த உயரத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார்.

"இந்தத் தடவை தண்ணி உள்ள வந்துச்சு, இன்னொரு செங்கல் வைக்க விட மாட்டேன். மெஷினைத் தூக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

"எத்தனை நாளைக்கு?"

"இனிமே தண்ணி வராதுன்னு ஆகுற வரைக்கும்."

தையல்காரம்மா சொன்னால் செய்கிற பெண்பிள்ளை. கல்யாணமான புதிதில், இந்த மீசையைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது என்று சொல்லி, மீசை போகிறவரைக்கும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே சாப்பிட்டவர். மீசை போனது. அதனால்தான் வரி ஏற வேண்டும் என்று பம்புக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். வேலை போனால் கிணறு தூர்வாரலாம், கட்டடக் குழியில் தண்ணீர் இறைக்கலாம். பெண்டாட்டி போனால் எதை இறைப்பது?

ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, வார்டில் வீடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்தில் கூடிக் கை தூக்க வேண்டும். பாதிக்கு மேல் கை எழுந்தால் வேலை நடக்கும். பம்புக்காரரின் சந்தில் இருப்பது கொஞ்சம் வீடுதான். பெரும்பாலான வீடுகள் மேட்டுத் தெருவில். அங்கே தண்ணீர் நிற்காது. அந்தத் தெருவே யார் பேச்சைக் கேட்கும் என்றால், தையல்காரம்மாவின் அண்ணன் பேச்சை. பம்புக்காரருக்கு மச்சான். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், கை தூக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பம்புக்காரர் போய் அவருடைய மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"தண்ணி உங்க வீட்டுக்கு, வரி என் வீட்டுக்கா மாப்ள?" என்றார் மச்சான், தலை நிமிராமல்.

"மழை உங்க மாடியில பெய்யலையா மச்சான்? அங்க பெஞ்சதுதான் எங்க கட்டிலுக்கு அடியில வந்து படுத்துக்குது."

"நானா அனுப்பி வெச்சேன்?"

"முற்றம் பூரா சிமென்ட் போட்டீங்களே. ஒரு சொட்டாவது உங்க மண்ணுல இறங்குதா?"

"சேறாகுதுன்னு போட்டேன்."

"அந்தச் சேறு இப்ப எங்க சமையக்கட்டுல இருக்கு."

மச்சான் ஒரு சின்னத் திருகாணியை இடுக்கியால் தூக்கிப் பார்த்தார். "உங்க பிழைப்பும் போயிரும். தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்குற மனுஷனை இப்பத்தான் பார்க்குறேன்."

"உங்க தங்கச்சி இங்க வந்துருவேன்னு சொல்லிட்டிருக்கா."

"வரட்டுமே. பிறந்த வீடுதான," என்றார் மச்சான் பெருந்தன்மையாக. தான் என்ன சொல்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

மழை வந்தது. கூட்டத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது, வானத்தில் யாரோ அடைப்பானைப் பிடுங்கிவிட்ட மாதிரி கொட்டியது. விடியும்போது தண்ணீர் சமையலறை தாண்டி, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் வந்து நின்றது. தையல்காரம்மா மெஷினைக் கழற்றி, துணி துவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, படகு மாதிரி தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"கொஞ்சம் பொறு," என்றார் பம்புக்காரர்.

"பொறுத்துப் பொறுத்துத்தான் கூரையில தலை இடிக்குது," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

அழுவதற்குக்கூட நேரமில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. வழக்கமாக ஒரு வீடு முடித்து இன்னொரு வீடு என்று போவார். இந்தத் தடவை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கழுத்துவரை தண்ணீர், அதாவது பூனைக்குக் கழுத்து. அதனால் கூட்டாளிகளிடம் கேட்டு வீட்டுக்கு ஒரு பம்பு இறக்கிவிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சந்து நேராகப் போகிற சந்து அல்ல. உள்ளே வந்தால் ஒரு வட்டம். வீடுகள் வட்டமாக, ஒரு வீட்டின் பின்சுவரை ஒட்டி அடுத்த வீடு என்று நிற்கும். பம்பு வைக்கப் போனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் பம்புக்காரரைத் தனியாக ஓரம் கட்டி, காதோடு ஒரு சேதி சொல்வார். "ரோட்டுல விடாதீங்க, திரும்ப வந்துரும். குழாயைப் பின்சுவருக்கு மேல அந்தாண்ட போட்டுருங்க. அவங்களுக்குத் தெரிய வேணாம்." தபால்காரம்மா சொன்னார், ரொட்டிக்கடைக்காரர் சொன்னார், சலவைக்கடைக்காரரும் சொன்னார். ஒவ்வொருவரும் இந்த யோசனை உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் உதித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பம்புக்காரரும் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொன்னதில்லை. தொழில் தர்மம். அப்படியே வருஷக்கணக்காக ஓடியது. மழை விட்டால் தண்ணீர் தானாக மெல்ல மண்ணில் இறங்கும். பம்பு இறைத்துவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். அவரும் நம்பினார்.

அன்று எல்லாப் பம்பும் ஒன்றாக ஓடின. சத்தத்தில் சந்தே அதிர்ந்தது. மழை நின்றுவிட்டது. ஆனால் நேரமாக நேரமாக ஒரு வீட்டிலும் தண்ணீர் விரலளவு குறையவில்லை.

"டீசல் கலப்படம்," என்றார் பம்புக்காரர்.

அந்த நேரம் பார்த்துச் சலவைக்கடைக்காரரின் பின்கட்டில் நீலம் கரைத்து வைத்திருந்த டிரம் கவிழ்ந்தது. ஒரு வேட்டிக்கு இரண்டு சொட்டு போதும் என்கிற சரக்கு, டிரம்மோடு சாய்ந்தது. பம்பு அதையும் உறிஞ்சிப் பின்சுவருக்கு மேல் துப்பியது.

முதலில் ரொட்டிக்கடைக்காரர் வீட்டிலிருந்து குரல் வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் நீலமாக இருக்கிறது, சாமான் எல்லாம் நீலமாக இருக்கிறது, வெள்ளைப் பூனை ஒன்று பாதி நீலமாக நிற்கிறது என்று. அவர் வீட்டுப் பம்பு கடமை தவறாமல் நீலத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்பியது. தபால்காரம்மா தன் நீலக் கால்களைப் பார்த்து, ஏதோ வியாதி என்று பயந்துபோய் வாசலுக்கு வந்தார். அதற்கடுத்த வீடு. அதற்கும் அடுத்த வீடு. நீலம் ஒவ்வொரு வாசலாக ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டே சந்தைச் சுற்றியது. கடைசியில் சலவைக்கடைக்காரரின் முன்கூடத்துக்குள், ஊர் சுற்றிவிட்டு வந்த பிள்ளை மாதிரி நுழைந்தது.

எல்லாப் பம்பையும் நிறுத்தினார்கள். முழங்கால் நீலத்தில் நின்றுகொண்டு எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது என் நீலம்யா," என்றார் சலவைக்கடைக்காரர் மெதுவாக. "சுத்திட்டு எங்கிட்டயே வந்துருக்கு."

"அப்ப நீங்க எங்க வீட்டுக்குத்தான் விட்டுட்டிருந்தீங்களா, இவ்வளவு வருஷமும்?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"நீங்க மட்டும்? தபால்காரம்மா வீட்டுக்கு விடலையா?"

தபால்காரம்மா வாயைத் திறக்கப் போனார். தன் குழாய் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று ஞாபகம் வந்ததும் மூடிக்கொண்டார். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பம்புக்காரரைப் பார்த்தார்கள்.

"அண்ணே, ஒரே தண்ணியைத்தான் இத்தனை வருஷமும் சுத்த விட்டுட்டிருந்தீங்களா?"

பம்புக்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது. "ஒவ்வொருத்தரும் காதுல வந்து சொன்னீங்க," என்றார். "காதுல சொன்னதை எல்லாம் ஒண்ணா சேர்த்துப் பார்க்குற பழக்கம் எனக்கு இல்ல."

ரொட்டிக்கடைக்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தொற்றிக்கொண்டது. சிரித்து முடிந்ததும் யாரோ ஒருவர், இந்தத் தண்ணீர் சந்தை விட்டு வெளியே போக ஒரு வழி வேண்டாமா என்று கேட்டார். சிரிப்பு நின்றது. தண்ணீர் போக அங்கே வழியே கிடையாது. முன்பு குளம் இருந்தது, அதை மூடிவிட்டார்கள். மழையும் முன்பெல்லாம் இப்படிப் பேய் மாதிரி கொட்டியதில்லை. வடிகால் வேண்டும், குளம் வேண்டும், அதற்கு வரி கட்டித்தான் தீர வேண்டும். பம்புக்காரர் அன்று எதற்குக் கைதட்டினார் என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. சந்து மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்தது.

சந்து சாய்ந்து என்ன பயன்? மேட்டுத் தெரு அசையவில்லை. பம்புக்காரர் நீலமாகிப்போன சட்டையோடு, கட்டில் உச்சியில் தனியாக உட்கார்ந்து யோசித்தார். ஏதாவது சாக்கு வைத்துத் தினமும் மச்சான் வீட்டுக்குப் போனார். கத்தரிக்கோலை மறந்துட்டியே என்று ஒரு நாள், ஊசி டப்பா என்று ஒரு நாள். சாக்குத் தீர்ந்துபோன நாளில் ஒரு பொத்தானை எடுத்துக்கொண்டு போனார்.

அங்கே நிலவரம் வேறு மாதிரி இருந்தது. தையல் மெஷின் கூடத்தில் குடியேறிவிட்டது. அது ஓட ஆரம்பித்தால் வீடே நடுங்கும். மச்சானின் மேஜையிலிருந்து எள்ளு மாதிரித் திருகாணிகள் தத்துக்கிளி போலத் துள்ளிக் குதித்து ஓடின. ஒரு பழைய சுவர்க்கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து வைத்த நேரத்தில் தங்கை ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்தார். அந்தக் கடிகாரம் இன்றுவரை பின்னோக்கி ஓடுகிறது என்று கேள்வி. மச்சான் மேஜையைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்குப் போனார். மழைக்குப் பின்னால் வந்த வெயில், மொட்டைமாடித் தளத்தை அடுப்பு மாதிரி காய்ச்சிக்கொண்டிருந்தது. மச்சான் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வியர்வை வழிந்து பூதக்கண்ணாடி மங்கி, நிமிஷ முள்ளையும் மணி முள்ளையும் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

மச்சானின் மனைவிக்கோ கொண்டாட்டம். நாத்தனாரும் அவரும் ஒட்டிக்கொண்டார்கள். "இத்தனை வருஷமா இந்த வீட்டுல டிக் டிக்னுதான் கேட்டுச்சு தம்பி," என்றார் பம்புக்காரரிடம். "இப்பத்தான் மனுஷக் குரல் கேக்குது. இவ இங்கயே இருக்கட்டும்."

பம்புக்காரர் பொத்தானைக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஏறினார்.

"மாப்ள," என்றார் மச்சான், உலர்ந்த குரலில். "தங்கச்சியை எப்ப கூட்டிட்டுப் போறீங்க?"

"வடிகால் வந்ததும்."

"வடிகால் எப்ப வரும்?"

"வரி ஏறினதும்."

மச்சான் துண்டைப் பிழிந்தார். தண்ணீர் தரையில் விழுந்ததும் ஆவியானது. "இந்த வெள்ளைப் பூச்சுன்னு சொல்றாங்களே," என்றார், "அடிச்சா நெஜமாவே சூடு குறையுமா?"

கூட்டத்து நாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண்பிள்ளை. சின்ன வயசு, சளைக்காத குரல். யாருக்கு எவ்வளவு ஏறும், அது எந்த வேலைக்குப் போகும், வேலையில்லாதவர்களுக்கும் வயசானவர்களுக்கும் என்ன சலுகை என்று எல்லாவற்றையும் சொன்னார். பிறகு, சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். சந்துக்காரர்கள் மொத்தமாகத் தூக்கினார்கள். சில கைகளில் இன்னும் நீலம் இருந்தது. மேட்டுத் தெருக்காரர்கள் வழக்கப்படி மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான் கை தூக்கியிருந்தார். ஒன்று அல்ல, இரண்டு கையும்.

மேட்டுத் தெருவில் ஒரே சலசலப்பு. இவர்தானே வீடு வீடாக வந்து தூக்காதே என்று சொன்னார்? அதிகாரி அவரைப் பார்த்து, "ஐயா, வீடு உங்க பேர்லயா?" என்று கேட்டார்.

மச்சானின் கைகள் பாதி இறங்கின. "வீட்டுக்காரி பேர்ல."

"அப்ப அம்மாதான் தூக்கணும்."

அவர் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு, ஆற அமர உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தையல்காரம்மா. மேட்டுத் தெரு முழுக்க இப்போது அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் பம்புக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"தூக்குடி," என்றார் மச்சான் அடிக்குரலில்.

"எதுக்கு? நீங்கதான வேணாம்னீங்க?"

"அது அப்ப."

"வடிகால் வந்தா இவ போயிருவா. அப்புறம் நான் அந்த டிக் டிக்கைக் கேட்டுட்டு உக்காரணுமா? நான் தூக்க மாட்டேன்."

மண்டபம் சிரித்தது. பம்புக்காரர் சிரிக்கவில்லை. வரி போச்சு, வடிகால் போச்சு, பெண்டாட்டியும் நிரந்தரமாகப் போச்சு. எல்லாம் ஒரு மடக்கின கையில் நிற்கிறது. பொது இடத்தில் பேசிப் பழக்கமில்லாதவர் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா," என்றார். "மெஷினை உங்க வீட்டுலயே வெச்சுக்குங்க. காலையில இவளை நானே கொண்டாந்து விடுறேன். பொழுது சாய்ஞ்சதும் கூட்டிட்டுப் போயிடுறேன். பகல் பூரா உங்களுக்கு. ராத்திரி மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துருங்க."

யாரோ விசிலடித்தார்கள். தையல்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மெஷின் வேணாம்," என்று மச்சான் பதறினார். "மெஷினையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போகட்டும்."

"நீங்க சும்மா இருங்க," என்றார் அவர் மனைவி. நாத்தனார் பக்கம் திரும்பினார். "என்னடி சொல்ற?"

தையல்காரம்மா முந்தானையை விலக்கிப் பின்வரிசையைப் பார்த்தார். ஆள் இளைத்திருந்தார். தானே இடம் தவறித் தைத்த மேல் பொத்தான் கீழ் ஓட்டையில் மாட்டியிருந்தது. அந்தப் பொத்தானைத்தான் அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"வடிகால் வெட்டுற வரைக்கும் மழை பெஞ்சா?" என்று கேட்டார் கடைசியில், மண்டபம் கேட்க.

"பெஞ்சா ரெண்டு பேரும் இங்க வந்துருங்க," என்றார் அண்ணி. "மாடி அறை இருக்கு. உங்கண்ணன் கீழ படுத்துக்குவாரு."

"அப்ப சரி. தூக்குங்க அண்ணி. இந்த மனுஷனுக்குச் சட்டை போடக்கூடத் தெரியல."

அண்ணியின் கை எழுந்தது. அதைப் பார்த்து மேட்டுத் தெருவில் ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு வரிசை வரிசையாக. அதிகாரி எண்ணி முடிப்பதற்குள் பம்புக்காரர் கைதட்டிவிட்டார். இந்தத் தடவை கொசு என்று யாரும் நினைக்கவில்லை.

தையல்காரம்மா அன்று இரவே வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பொத்தானைப் பிடுங்கி, சரியான இடத்தில் தைத்தார். அதற்கு மெஷின் தேவைப்படவில்லை.

வேலை தொடங்க நாளாகும் என்றார்கள். ஆனால் மச்சான் விடவில்லை. தினமும் நகராட்சி வாசலில் போய் நின்றார். மழை மேகம் தெரிந்தாலே மாடி அறை பறிபோகிறது என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒருவழியாகச் சந்தில் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். ஊற்றெடுத்த குழித் தண்ணீரை இறைக்கும் வேலை பம்புக்காரருக்கே கிடைத்தது. ரொட்டிக்கடைக்காரர், "நான் அப்பவே கேட்டேன்ல," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மச்சான் காலையிலேயே கையில் ஒரு கடிகாரத்தோடு குழியோரம் வந்து நின்றுவிடுவார்.

"டீ குடிக்க இவ்வளவு நேரமா?" என்றார் ஒரு நாள், குழிக்குள் இருந்தவர்களைப் பார்த்து. "மேகம் கூடுறது தெரியலையா?"

மண்வெட்டிக்காரர் ஒருவர் நிமிர்ந்தார். "ஐயா யாரு, என்ஜினியருங்களா?"

"வரி கட்டுறவன்யா," என்றார் மச்சான், நெஞ்சை நிமிர்த்தி.

பம்புக்காரர் குழாயைச் சரிசெய்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "வீடு அக்கா பேர்ல இருக்கு மச்சான்."